பாலத்து எறக்கத்துல நின்ன கார்

தாயி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்படி இந்தப் பக்கம் வந்துரு. அங்க நிக்காத. நின்னு போன பஸ்ஸு நெழல் குளுகுளுன்னுதான் இருக்கும், இல்லைங்கல. ஆனா பின்னால வாரவன் இந்த பஸ்ஸ இடிச்சான்னு வையி, நெழல்ல நிக்கிறவுக மேலதான் வந்து சாயும். ரோட்டோரத் தடுப்புக் கம்பியத் தாண்டி வந்துரு. பிள்ளைய எங்கிட்டக் குடு, நான் புடிச்சிக்கிறேன். ஆங், அப்படி. சேலையப் பாத்துக்க, போல்ட்டு நீட்டிக்கிட்டு இருக்கு.

பை பஸ்ஸுலயே கெடக்கட்டும். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக. பைக்காகத் திரும்பிப் போக வேணாம். கண்டக்டர் மாத்து பஸ்ஸுக்குச் சொல்லிட்டாரு. சாத்தூர்ல இருந்து வரணும், அரை மணி நேரம்ங்கிறாரு. அரை மணின்னா முக்கா மணின்னு வச்சிக்கிட வேண்டியதுதான். இந்தக் கருவேல நெழல்ல உக்காரு. முள்ளு கெடக்கும், பாத்து.

அந்தா பாரு, ரெண்டு பேரு பஸ்ஸுக்குப் பின்னாலயே நின்னு போன நோண்டிக்கிட்டு இருக்காக. போயிச் சொன்னேன். ‘பெருசு, ஒங்க சோலியப் பாருங்க’ன்னுட்டாக. நானும் ஒரு காலத்துல அப்படித்தான். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்.

நானும் டிரைவர்தான் தாயி. தனுஷ்கோடின்னு கேட்டா விருதுநகர்ல பழைய ஆளுகளுக்கு இன்னைக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுனேன். ஒரு ஆட்டுக்குட்டியக்கூட இடிச்சது கெடையாது. ரிட்டையர் ஆகையில சால்வை போத்தி, ‘விபத்தில்லா ஓட்டுநர்’னு எழுதுன பத்திரத்தக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுத்தாக. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுற மாதிரி அதை மாட்டி வச்சிருந்தேன். இப்ப கழட்டிட்டேன்.

எங்க போயிட்டு வாறேன்னு கேட்டல்ல. கோவில்பட்டி கோர்ட்டுக்கு. என் வீட்டுக்காரி செத்த கேசு. இன்னைக்கு சாட்சி விசாரணை. யாரு சாட்சிங்கிற? என் சொந்த மக. நான் தோள்ல போட்டு வளத்த மக. அவ, அவுக அம்மாவக் கொன்ன லாரிக்காரனுக்குத் தோதாப் பேசிட்டுப் போறா தாயி. ஊரு ஒலகத்துல எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? கூண்டுல ஏறி, நீதிபதி மொகத்தப் பாத்து, அந்தாளு மேல தப்பு இல்லங்கிறா. அதுவும் எனக்கு முன்னால. நான் முன்பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

இரு, மொதல்ல இருந்து சொல்லுறேன். பிள்ள தூங்குதா? தூங்கட்டும்.

என் வீட்டுக்காரி பேரு ராஜபுஷ்பம். எனக்குப் புஷ்பம். ஒரே மக, செல்வகனி. கல்யாணத்துக்கு முன்னால அவ மூணு வருஷம் ஒரு வேலை பாத்தா. நாலுவழிச் சாலையில வண்டி நின்னு போச்சுன்னா, அடிபட்டுக் கெடந்தா, சனங்க போன் போடுவாகல்ல, அதை எடுத்துப் பேசுற வேலை. ஒரு ரூமுக்குள்ள உக்காந்து, காதுல மாட்டிக்கிட்டு. அவ சொல்லுவா, ‘எவ்வளவு பெரிய ஆளு பேசுனாலும் நான் வண்டிக்கு என்ன ஆச்சுன்னு மொதல்ல கேக்க மாட்டேம்ப்பா. எல்லாரும் வண்டிய விட்டு எறங்கிட்டீங்களான்னுதான் கேப்பேன்.’ எறங்கலன்னா, எறங்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும் அடுத்த பேச்சுப் பேச மாட்டாளாம்.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து, செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. என்னடான்னு கேட்டா, ஒரு பொம்பள காருக்குள்ள உக்காந்துக்கிட்டே பேசிக்கிட்டு இருந்துச்சாம். இவ எறங்குங்க எறங்குங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கையில லைன் அந்து போச்சாம். அவ்வளவுதான். அதுக்கப்பறம் அந்த நம்பர்ல யாரும் எடுக்கல. புஷ்பம் அவ தலையத் தடவிக்கிட்டே இருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ரோட்டையே பாக்காம ரோட்டப் பத்திப் பேசுற வேலைக்குப் போனா இப்படித்தான்’னேன். தமாசாத்தான் சொன்னேன். அவ சிரிக்கல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, மே மாசம். கனியும் பேத்தியும் லீவுக்கு வந்து இருந்துட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பணும். அங்கதான் அவளக் கட்டிக் குடுத்திருக்கு. மருமகன் கப்பல்ல வேலை, அப்ப ஊர்ல இல்ல. பஸ்ஸுல அனுப்பி வைப்போம்னு புஷ்பம் சொன்னா. நான்தான் கேக்கல. ரிட்டையர் ஆனதும் பழைய கார் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். அதுல நானே கொண்டு போயி விட்டுட்டு வாறேன்னேன். ‘நீயும் வா’ன்னேன் அவளப் பாத்து. இருபத்தெட்டு வருஷத்துல ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவன், அவள ஒக்கார வச்சு நாப்பது மைலுக்கு மேல ஓட்டுனது கெடையாது பாத்துக்க. அவ ரொம்ப சந்தோசமா வந்தா. அரக்குக் கலர்ல ஒரு சேலை. பின்னால எடது பக்கம் அவ, மடியில பேத்தி. முன்னால எம்பக்கத்துல கனி.

சாத்தூர் தாண்டினதும் இஞ்சின் சூட்டக் காட்டுற முள்ளு மேல ஏறுது. கனி பாத்துட்டா. ‘அப்பா, ஹீட் ஆவுது. அந்தா பெட்ரோல் பங்க் வருது, உள்ள விட்டு நிப்பாட்டுங்க’ன்னா. நான், ‘கோவில்பட்டியில நம்ம மெக்கானிக் இருக்கான், அது வரைக்கும் போயிரும்’னேன். பங்க் போச்சு. பெறகு ஒரு ஓட்டல் வந்துச்சு, வாசல்ல வேப்பமரம், வண்டி நிக்க நல்ல எடம். மறுபடியும் சொன்னா. ‘வண்டியப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத’ன்னேன். பின்னால இருந்து புஷ்பம், ‘ஏங்க, அவ சொல்லுறதுல என்ன தப்பு, செத்த நிப்பாட்டிட்டுப் போவோமே’ன்னா. நான் ஆக்சிலேட்டர இன்னும் கொஞ்சம் அழுத்துனேன்.

அடுத்தாப்புல ஒரு மேம்பாலம். ஏத்தத்துல ஏறுறப்பவே பொகை. உச்சிய வண்டி தாண்டுச்சு, அந்தப் பக்கம் எறக்கத்துல கால்வாசி கூட எறங்கல, இஞ்சின் நின்னு போச்சு. நியூட்ரல்ல உருட்டிக் கீழ கொண்டு போயிருக்கலாமேன்னு நீ கேக்கலாம். கனியும் கேட்டா. நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்னு பிரேக்க மிதிச்சு நிப்பாட்டிட்டேன். பாலத்து மேல ஓரத்துல எடம் கெடையாது. பாதிக் கார் ஓரத்துல, பாதிக் கார் ரோட்டுல. பின்னால ஏறி வாரவனுக்கு உச்சிக்கு வார வரைக்கும் எங்க கார் தெரியாது. பகல் பதினோரு மணி. பளிச்சுன்னு வெயிலு. யாரு மோதுவா இந்த வெயில்லன்னுதான் நான் நெனச்சேன்.

கனி மளமளன்னு ஆரம்பிச்சுட்டா. அவ கொரலே மாறிப் போச்சு தாயி. போன்ல பேசுற கொரல் போல. ‘நாலு லைட்டும் எரிய விடுங்க. எல்லாரும் எடது பக்கமா எறங்கணும். சாமான் வேணாம். கம்பியத் தாண்டி அந்தச் சரிவுக்குப் போயிருவோம். அங்க இருந்து போன் பண்ணிக்கலாம்.’ லைட்டப் போட்டேன். அது மட்டும் போட்டேன். அவ எறங்கி, புஷ்பத்து மடியில இருந்து பேத்திய வாங்கி, கம்பிக்கு அந்தப் பக்கம் போயிட்டா. அங்க இருந்து, ‘அம்மா வா, அம்மா வா’ங்கிறா.

புஷ்பம் எறங்கல.

முட்டி வலி அவளுக்கு. கம்பி இடுப்பு ஒசரம். மேல வெயிலு தீயா அடிக்குது. அவளாத்தான், நான் உள்ளயே இருக்கேன்னு இருந்துக்கிட்டா. போலீஸ்லயும் நான் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்.

டிக்கிய அப்படியே தொறந்து ஒசத்தி விட்டேன், பின்னால வாரவனுக்குத் தெரியட்டும்னு. ரோட்டோரத்துல கெடந்த ஒரு கல்லை எடுத்து பத்தடி தள்ளி வச்சேன். வண்டி நின்னா ரோட்டுல வைக்கிற செவப்பு முக்கோணம் இருக்கும்ல, அது டிக்கியில பெட்டிகளுக்கு அடியில கெடந்துச்சு, எடுக்கல. கனி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, ‘அப்பா, பத்தடி பத்தாது, பாலத்து உச்சிக்கு அந்தப் பக்கம் தெரியணும்’னு கத்துறா. ‘எல்லாம் எனக்குத் தெரியும்’னு சொல்லிட்டு, ரெண்டு காலி பாட்டில எடுத்துக்கிட்டு, கம்பியத் தாண்டி, சரிவுல எறங்கித் தண்ணி புடிக்கப் போனேன். பாலத்துக்குக் கீழ ஒரு எளநிக் கடை தெரிஞ்சுச்சு.

அவ என்ன பண்ணுனா தெரியுமா, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கமாவே பாலத்து உச்சிப் பக்கம் நடந்து போயி, செவப்புத் துப்பட்டாவக் கழட்டி ஆட்டிக்கிட்டு நின்னா. கீழ இருந்து பாத்தேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. எத்தன டிரைவருக என்னையத் தெரிஞ்சவக இந்த ரோட்டுல போறாக, தனுஷ்கோடி வண்டி நின்னு, மக கொடி காட்டுறான்னு பேசுவாகளேன்னு. அவ ஆட்டுனதப் பாத்து ஒரு வேனு ஒதுங்கிப் போச்சு. ரெண்டு காரு ஒதுங்கிப் போச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

எளநிக் கடைக்காரரு பானையில இருந்து தண்ணி ஊத்துனாரு. ஒரு பாட்டில் நெறஞ்சிருச்சு. ரெண்டாவது பாதி.

அப்பத்தான் கேட்டுச்சு.

லாரி. சிமெண்டு மூட்டை லோடு. மாதேஸ்வரன்னு பேரு, தர்மபுரிப் பக்கத்து ஆளு. தூங்கிட்டான் தாயி. தூங்கித்தான் வந்து ஏத்திட்டான். இல்லன்னா அந்த வெயில்ல அவ்வளவு பெரிய கார் தெரியாமப் போகுமா?

நான் மேல ஏறி ஓடுனேன். செருப்பு எங்கயோ போச்சு. காரு கம்பியோட சேந்து நசுங்கி நிக்குது. பின் சீட்டு முன் சீட்டோட ஒட்டிப் போச்சு. அந்தாளு, லாரிக்காரன், அதுக்குள்ள எறங்கி, ஒரு இரும்புத் தடியப் போட்டுக் கார்க் கதவ நெம்பிக்கிட்டு இருந்தான். கையெல்லாம் ரத்தம். கனி பிள்ளையக் கீழ உக்கார வச்சிட்டு ஓடி வாரா. நான் என்ன செஞ்சிருக்கணும் தாயி, நீயே சொல்லு. புஷ்பத்துகிட்டப் போயிருக்கணும்ல? நான் போகல. நேரா லாரிக்காரன் சட்டையப் புடிச்சேன். கன்னத்துல அடிச்சேன், நெஞ்சுல குத்துனேன். ‘என் குடும்பத்தக் கெடுத்துட்டியேடா’ன்னு. அவன் ஒரு அடி திருப்பி அடிக்கல. ‘அண்ணே, அடிங்கண்ணே, பெறகு அடிங்கண்ணே, இந்தக் கதவ மட்டும் புடிங்கண்ணே’ன்னு அழுதான். எனக்கு அது காதுலயே ஏறல. எளநிக் கடைக்காரரு வந்து என்னையப் பிரிச்சு விட்டாரு.

அதுக்குள்ள அவனும் கனியுமாச் சேந்து கதவ எடுத்துட்டாக. புஷ்பத்துத் தலைய கனி தன் மடியில வச்சிருந்தா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் பக்கத்துல போனேன். ‘புஷ்பம்’னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். அவ பாக்கல. கனி, ‘இப்பத்தாம்ப்பா’ன்னா. ‘பாப்பா எங்கன்னு அம்மா கேட்டுச்சு. பத்திரமா இருக்கான்னு சொன்னேன். அப்பா எங்கன்னு கேட்டுச்சு. இப்பத்தான்’னா.

ம்.

தண்ணி வேணும்னா அங்க கண்டக்டர்கிட்ட இருக்கும். நீ எந்திரிக்காத, நான் வாங்கியாறேன். வேணாமா? சரி.

பதினாறாம் நாள் எல்லாரும் போனதுக்கப்பறம் வீட்டுல நானும் கனியும் மட்டும். பேத்தி தூங்குது. போலீஸ்ல நான் எழுதிக் குடுத்ததை யாரோ படிச்சுச் சொல்லியிருக்காக அவகிட்ட. அவ கேட்டா, ‘அம்மா தானாத்தான் உள்ள இருந்துச்சுன்னு சொன்னீங்களாப்பா?’ ஆமான்னேன். ‘அம்மா ஒரு காலக் கீழ வச்சுட்டுச்சுப்பா. நான் பாத்தேன். கதவப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. நீங்கதான், நானே ஒண்ணும் பயப்படல, ஒனக்கென்ன, கால உள்ள எடுன்னு சொல்லி, கதவச் சாத்துனீங்க.’ அழுகாம சொன்னா. எனக்கு ஞாபகம் இல்லைன்னேன். ‘பிரேக் சத்தமே கேக்கலன்னு எழுதியிருக்கீங்க. எனக்குக் கேட்டுச்சேப்பா. பாலத்து உச்சியில இருந்து கார் வரைக்கும் கேட்டுச்சே. நீங்க டிரைவராச்சே, ஒங்களுக்குக் கேக்கலையா?’ எனக்குக் கேக்கலன்னேன். ‘அந்தாளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்காம்ப்பா’ன்னா. ‘எனக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா’ன்னேன்.

மறுநாளு காலையில பேத்தியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குப் போனவதான். ரெண்டு வருஷம். போன் போட்டா பேத்தி எடுக்கும், ‘தாத்தா’ங்கும், ரெண்டு வார்த்தை பேசும், பெறகு ‘அம்மா வேலையா இருக்கா’ங்கும். அது பொய் சொல்லத் தெரியாத பிள்ள. யாரோ சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்கிறது தெரியும்.

எங்க வந்தேன்? கோர்ட்டு.

இன்னைக்கு காலையில வராந்தாவுல அவளப் பாத்தேன். எளச்சுப் போயிட்டா. காதோரத்துல நரை. முப்பத்திமூணு வயசுதான் அவளுக்கு. அந்த மாதேஸ்வரனும் ஒரு ஓரமா நின்னான். இப்ப லாரி ஓட்டுறதில்லையாம், ஏதோ செங்கச் சூளையில வேலையாம். என்னையப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். நான் திரும்பிக்கிட்டேன்.

எங்க தரப்பு சாட்சின்னுதான் அவளக் கூப்பிட்டாக. அரசாங்க வக்கீல் கேக்குறாரு, லாரி வேகமா வந்துச்சான்னு. ‘இல்லைங்க. லோடு வண்டி, ஏத்தத்துல மெதுவாத்தான் வந்துச்சு’ங்கிறா. டிரைவர் தூங்கிட்டு வந்தாரான்னு கேக்குறாரு. ‘இல்லைங்க. நான் துணிய ஆட்டுனதப் பாத்துட்டாரு. பாத்ததும் பிரேக் புடிச்சாரு. வலது பக்கம் ஒடிக்கப் பாத்தாரு, அந்தப் பக்கம் ஒரு பஸ் லாரிய முந்தி ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஒடிச்சிருந்தா பஸ்ஸுல உள்ளவங்க செத்திருப்பாங்க.’ வக்கீலுக்கு மொகம் தொங்கிப் போச்சு. ‘அப்ப யாரும்மா காரணம்’னு கோவமாக் கேட்டாரு. அவ என்னையப் பாக்கல. ‘கார் நின்ன எடம் சரியில்லைங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

லாரிக்காரன் பக்கத்து வக்கீல் எந்திரிச்சாரு. வயசானவரு, சுத்தி வளைக்காம நேராக் கேட்டாரு. ‘ஒங்க அம்மா ஏன் கார விட்டு எறங்கல?’

சொல்லப் போறா. எல்லாரும் கேக்கச் சொல்லப் போறா. இருபத்தெட்டு வருஷப் பேரு இந்த ஒரு நிமிஷத்துல போகப் போவுதுன்னு உக்காந்திருக்கேன்.

‘அம்மாவுக்கு முட்டி வலிங்க’ன்னா.

‘வேற யாரும் தடுத்தாங்களா?’

‘இல்லைங்க.’

சத்தியம் வாங்கிட்டுத்தான் தாயி கூண்டுல ஏத்துனாக. அந்த லாரிக்காரனுக்காக அவ ஒரு பொய் சொல்லல. ஒவ்வொண்ணும் நெசம். எனக்காக ஒண்ணு சொன்னா. நான் போலீஸ்ல சொன்ன அதே பொய்ய.

பிரேக் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேக்காம என்ன. நீளமாக் கேட்டுச்சு. டயர் கருகுற வாடையே வந்துச்சு. தூங்குறவன் பிரேக் புடிக்க மாட்டான், அது எனக்குத் தெரியாதா. கதவும் நான் சாத்துனதுதான். அவ கை கதவு விளிம்புல இருந்துச்சு, ‘கைய எடு’ன்னேன், எடுத்துக்கிட்டா. நசுங்கிறக் கூடாதேன்னு பாத்துத்தான் சாத்துனேன். அவ கையில சிராய்ப்புகூட விழல, பாத்துக்க.

இதை நான் யாருகிட்டயும் சொன்னது கெடையாது. ஒன் பேரு என்னன்னு கூடத் தெரியல எனக்கு. வேணாம், சொல்லாத.

சாட்சி முடிஞ்சு வெளிய வந்தா. நான் படிக்கட்டுப் பக்கம் நின்னேன். அவ அப்படியே போயிருவான்னுதான் நெனச்சேன். போகல. நேரா எங்கிட்ட வந்தா. ரெண்டு வருஷம் கழிச்சு இவ்வளவு பக்கத்துல. என் சட்டைக் காலரப் பாத்தா. தேய்க்காத சட்டை, காலர் மடங்கிக் கெடந்துச்சு. கையத் தூக்கி அதச் சரி பண்ணி விட்டா. பெறகு கேட்டா, ‘சாப்பிட்டீங்களாப்பா?’

காலையில ஒரு டீயோட கெளம்புனவன் தாயி. மணி ஒண்ணரை. கொலப்பசி. நீ பாத்திருப்பியே, கோர்ட்டுக்கு எதுத்தாப்புலயே ஓட்டல் இருக்கு. சாப்பிடலம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட்டிட்டுப் போயிருப்பா. எதிர்ல உக்காந்திருப்பா. பேத்தி எந்த வகுப்புக்குப் போயிருக்கா, வீட்டுல என்னன்னு ஏதாச்சும் பேசியிருப்போம். பேசாம இருந்தாலும் இருந்திருப்போம்.

நான் சொன்னேன், ‘எனக்கு எதுக்கு? போயி ஒங்க லாரிக்காரனுக்கு வாங்கிக் குடு.’

ஏன் சொன்னேன்னு கேக்காத. எனக்குத் தெரியல. நன்றி சொல்லணும்னுதான் நிக்கிறேன், வாயில இருந்து இது வருது. சட்டையில இருந்து அவ கைய எடுத்துக்கிட்டா. கோவம் இல்ல மொகத்துல. ரொம்ப அசந்து போன மொகம். ‘ஒடம்பப் பாத்துக்கங்கப்பா’ன்னா. போயி ரோட்டத் தாண்டி, திருநெல்வேலி பஸ் நின்னுச்சு, ஏறிட்டா. சன்னலோரம்தான் உக்காந்தா. பஸ்ஸு கெளம்புற வரைக்கும் நான் படிக்கட்டுலயே நின்னேன். அவ இந்தப் பக்கம் திரும்புவான்னு பாத்தேன். நான் கையக் காட்டிக் கூப்பிட்டிருந்தா எறங்கியிருப்பாளோ என்னமோ. கூப்பிடல.

அந்தா மாத்து பஸ் வருது பாரு. எந்திரிக்காத, எந்திரிக்காத. அது ஒழுங்கா ஓரங்கட்டி நிக்கட்டும். மொதல்ல ஓடுறவுக ஓடட்டும். எடம் இல்லாமப் போயிராது. பிள்ள முழிச்சிருச்சா? வாடா ராசா. நான் தூக்கிக்கிறேன், நீ கம்பியத் தாண்டி வந்து வாங்கிக்க. ஒன் பையி பழைய பஸ்ஸுலல்ல கெடக்கு, அதக் கண்டக்டர்கிட்டச் சொல்லி எடுத்துக்க.

என்னது? வேணாம் தாயி. அது பிள்ளைக்கு வச்சிருக்குற பிஸ்கட்டு. எனக்குப் பசி இல்ல.

நீ முன்னால ஏறு. நான் சாத்தூர்ல எறங்கிருவேன். எறங்கி எதிர்த்தாப்புல திருநெல்வேலி பஸ் ஏதாச்சும் வந்தா ஏறலாம்னு பாக்குறேன். அவ வீட்டுக்குப் போயிச் சேர இருட்டிரும். இன்னொரு தடவ அவ கேக்க மாட்டா. நானாத்தான் சொல்லணும். கனி, அப்பா சாப்பிடலம்மான்னு, நானாத்தான் சொல்லணும்.